புட்டுக்குழலுக்குள் போன சொசேஜ்

கிட்ட வந்து இருங்கோ தம்பி. அந்தக் கதிரையின்ரை ஒரு கால் ஆடும். இதிலை இருங்கோ, இந்தச் சின்ன ஷட்டரோடை சாய்ஞ்சுகொண்டு. நீங்கள் தள்ளி இருந்தா நான் சத்தம் போட்டுக் கதைக்கவேணும். சத்தம் போட்டா மேல்வீட்டுக்காரி யன்னலைத் திறந்து ஏசுவா. நான் கதைக்கிறதுக்கு இல்லை, தனக்கு முழுக்கக் கேக்கேல்லை எண்டு.

ஓம் ஓம், கடைச் சொந்தக்காரச் சிஞ்ஞோரா வருவா. பதினொரு மணிக்கு வந்து கடையைத் திறந்து காட்டுறன் எண்டுதானே உங்களுக்குச் சொன்னவ? பகேரியாவிலை இருந்து ரயில் எடுத்து, பிறகு பலெர்மோவிலை இஞ்சை சீசாப் பக்கத்துக்கு பஸ் பிடிச்சு வரவேணும். வயசான மனுசி. ரயில் சுணங்கலாம். சுணங்கும் எண்டு நான் சொல்லேல்லை, சுணங்கலாம்.

இந்தாங்கோ, இந்தப் பெட்டியைப் பிடியுங்கோ. சாப்பாடுதான். காலமை, முந்தி இந்தக் கடையிலை சமைச்ச ஞானம்பிகை வேலைக்குப் போகமுதல் துவாயாலை சுத்தித் தந்துவிட்டவ. உள்ளுக்கோ? இந்தக் கடையின்ரை பேர்போன சாமான், புட்டு ஹொட்டொக். என்ன, வேண்டாமோ? ஆ, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டியள். நெத்தியிலை திருநீறைப் பாத்த உடனை எனக்கு விளங்கியிருக்கவேணும். சரி, மடியிலை வைச்சிருங்கோ. டிசம்பர்க் குளிருக்கு நல்ல கதகதப்பா இருக்கும். பேர் என்னெண்டு சொன்னியள்? கஜானன். நல்ல பேர். மிலானோவிலை இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள், போன் கடை போடப்போறியள், ஆனா இது முந்தி என்ன கடையெண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அது சரியில்லை. ஒரு வீடு வாங்கேக்கை ஆர் இருந்தவை, எப்பிடி இருந்தவை எண்டு விசாரிக்கிறேல்லையே? கடைக்கும் அப்பிடித்தான்.

இது அருளையா அண்ணையின்ரை ஹொட்டொக் கடை தம்பி.

அந்தாள் பகேரியாவிலை சிஞ்ஞோராவின்ரை வீட்டிலை வேலை செய்தவர். தோட்டம், கேற்று, நாய்க்குச் சாப்பாடு எல்லாம் அவர்தான். ஒருநாள் ரீவியிலை அமெரிக்காப் படம் ஒண்டு பாத்திருக்கிறார். அதிலை ஒருத்தன் றோட்டிலை நிண்டு ஹொட்டொக் சாப்பிட்டானாம். சாப்பிட்ட வடிவைப் பாத்து இந்தாளுக்கு நித்திரை வரேல்லை. விடிய எழும்பி சிஞ்ஞோராவுக்கு முன்னாலை போய் நிண்டார். உங்கடை சீசாக் கடை சும்மாதானே பூட்டிக்கிடக்கு, எனக்குத் தாங்கோ எண்டார். அவவும் ஓம் எண்டா. சிஞ்ஞோரா தங்கமான மனுசி, ஆனா அவவிலை ஒரு குணம் இருக்கு. ஆர் தனக்கு முன்னாலை நிக்கினமோ அவைக்கு ஓம் எண்டுவா.

இஞ்சை பாருங்கோ, பலெர்மோவிலை வந்து ஆரும் பாணுக்கை சாமான் வைச்சு விக்க வெளிக்கிடுவினமோ? மாட்டின்ரை மண்ணீரலையே அவிச்சுப் பொரிச்சு, பாணுக்கை வைச்சு, தேசிக்காய் புழிஞ்சு விக்கிற ஊர் இது. கடலைமாவிலை வடகம் மாதிரித் தட்டி, அதையும் பாணுக்கை வைச்சு விப்பினம். நாங்கள் எல்லாரும் சொல்லிப் பாத்தம். அருளையா அண்ணை கேக்கேல்லை. உங்களுக்கு வாய்க்கு ருசி தெரியாது எண்டுபோட்டுப் போயிட்டார்.

நீங்கள் இண்டைக்கு ஏன் கடை பாக்க வந்தனியள்? ம்? மாமியார் நாள் பாத்துத் தந்தவவோ? அதுதானே. வெள்ளியும் கார்த்திகை விளக்கீடும் சேர்ந்து வருகுது, விடுவாவே. அருளையா அண்ணையும் உங்களை மாதிரித்தான். யாழ்ப்பாணத்திலை தமையனுக்குப் போன் எடுத்து, பஞ்சாங்கத்தை விரிச்சு, கடை திறக்க ஒரு நல்ல நாள் பாத்தவர். பாத்து எடுத்த நாள், டிசம்பர் பதின்மூண்டு. ஓம், இண்டையத் திகதிதான். என்ன பிழை எண்டோ? அப்ப மிலானோவிலை உங்களுக்கு இது தெரியாது. இண்டைக்கு சாந்தா லுச்சியாத் திருநாள். அவைக்குக் கண் குடுக்கிற அம்மன் மாதிரி வைச்சுக்கொள்ளுங்கோ. முந்தி ஒரு பஞ்சத்திலை சனம் பட்டினி கிடக்கேக்கை, சாந்தா லுச்சியாவின்ரை நாளிலை ஒரு கப்பல் நிறையக் கோதுமை வந்ததாம். அரைக்கப் பொறுதியில்லாமல் அப்பிடியே அவிச்சுத் திண்டினமாம். அந்த நேர்த்திக்கு இண்டுவரைக்கும் இந்த நாளிலை பலெர்மோச் சனம் கோதுமை மாவைத் தொடாது. பாண் இல்லை, பாஸ்தா இல்லை. சோத்து உருண்டையைப் பொரிச்சு, அரஞ்சீனா எண்டு, அதைத்தான் நாள் முழுக்கச் சாப்பிடுவினம்.

இப்ப விளங்குதே? பலெர்மோ முழுக்கப் பாணுக்கு விரதம் இருக்கிற நாளாப் பாத்து, இந்தாள் பாண் விக்கக் கடை திறந்திருக்கிறார்!

முதல்நாள் பின்னேரம் பேக்கரியிலை சாக்குக் கணக்கிலை பாண் வாங்கேக்கை, பேக்கரிக்காரன் ஒரு மாதிரிப் பாத்தவனாம். அருளையா அண்ணை நினைச்சார், அவனுக்கு எரிச்சல் எண்டு. எங்களிட்டை வந்து, இப்பவே பயந்திட்டான் பாருங்கோ எண்டு ஒரே புளுகம்.

காலமை நிறைகுடம், குத்துவிளக்கு, வாசலிலை வாழையிலைக்கு வழியில்லாமல் வேறை ஏதோ பெரிய இலை. தேங்காய் உடைச்சாச்சு. நானும் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து இந்த இடத்திலைதான் இருந்தனான். சனம் வந்து எட்டிப் பாக்கும். பாணைக் காணும். நெஞ்சிலை சிலுவை போடும். போயிடும். ஒரு கிழவன் அருளையா அண்ணையின்ரை கையைப் பிடிச்சு, மகனே உனக்கு ஆரோ சூனியம் செய்திட்டினம் எண்டு அழாக்குறையாச் சொல்லிப்போட்டுப் போனான். சிஞ்ஞோரா பூச்சாடி ஒண்டோடை வந்து இறங்கினா. வாசல்லை நிண்டு மணத்தைப் பிடிச்சா. பெத்தா மாத்ரி எண்டு தலையிலை கை வைச்சா. எங்கடை ஐயோ கடவுளே மாதிரி. அருளையா அண்ணைக்கு உடம்பிலை உயிர் இல்லை. பாண் அடுக்கின அடுக்கிலையே கிடக்குது, சொசேஜ் அவிஞ்சு அவிஞ்சு வெடிக்குது.

அப்ப ஞானம்பிகை இந்தக் கடை ஆளில்லை. மேல்மாடியிலை ஒரு கிழவியைப் பாத்துக்கொண்டிருந்தவ. குப்பை போட இறங்கி வந்தவ, சனம் சிலுவை போடுறதைக் கண்டிட்டு, செத்தவீடோ எண்டு எட்டிப் பாத்தா. நான் விசயத்தைச் சொன்னன். கொஞ்சம் நீட்டித்தான் சொன்னன் எண்டு பிறகு ஏசினவ. அவ சிஞ்ஞோராவிட்டைத் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டா. கோதுமைதானே ஆகாது, அரிசி ஆகும்தானே? சிஞ்ஞோரா, ஆகும் ஆகும், அரிசிதான் இண்டைக்குச் சாப்பாடே எண்டா.

ஞானம்பிகை விட்டாவே ஒரு ஓட்டம்! எழும்பாதையுங்கோ தம்பி, கதையின்ரை நடு இதுதான். என்ன, பதினொண்டு தாண்டியிட்டுதோ? தாண்டட்டும். போன் அடிச்சுப் பாக்கிறியளோ? பாருங்கோ. ம்ம். எடுக்கமாட்டா. சாப்பிடேக்கை அவ போன் எடுக்கிறேல்லை. இல்லையில்லை, இப்ப சாப்பிடுறா எண்டு எனக்கெப்பிடித் தெரியும், பொதுவாச் சொன்னனான். பொதுவாவே அவ சாப்பிடேக்கை எடுக்கமாட்டா. இருங்கோ.

எங்கை விட்டனான்? ஓட்டம். ஓடிப்போய் வீட்டிலை இருந்து புட்டுக்குழலும் சிவப்பரிசி மாவும் கொண்டுவந்தா. எங்கடை புட்டு மாவிலை அவிச்ச கோதுமை மா கலந்திருக்கும் தெரியுமே? அதைக் கொண்டு வரேல்லை பாருங்கோ, தனி அரிசிமா. அந்த அவசரத்திலையும் அவவுக்கு அது ஞாபகம் இருந்தது. குழலுக்கை சொசேஜை நட்டமா நிப்பாட்டினா. சுத்திவரக் குழைச்ச மாவை உதிர்த்துப் போட்டா. மேலையும் கீழையும் தேங்காய்ப்பூ. அடுப்பிலை ஏத்திப்போட்டு இடுப்பிலை கை வைச்சுக்கொண்டு நிண்டா. ஆவி வந்தது. தடியாலை கீழை இருந்து ஒரு தள்ளு.

முதல் புட்டு உடைஞ்சு கொட்டுப்பட்டுப் போச்சு. சொசேஜ் மட்டும் தனிய எழும்பி நிக்குது. அருளையா அண்ணை குந்தி இருந்து அழத் தொடங்கியிட்டார். இவ, அழுகிறதெண்டால் அங்காலை போய் அழுங்கோ, மாவுக்கை கண்ணீர் விழுந்தால் இறுகாது எண்டா. கொஞ்சம் தேங்காய்ப்பால் தெளிச்சுப் பிசைஞ்சா. ரெண்டாவது புட்டு பொத்தெண்டு முழுசா வந்துது. பொரியல் குடுக்கிற கடதாசித் தோணியிலை அதைப் படுக்க வைச்சு, நடுவாலை கீறி, மேலை உறைப்புக் கட்டைச்சம்பலும் தக்காளிச் சோஸும் விட்டு, நேரை சிஞ்ஞோராவின்ரை கையிலை குடுத்தா.

சிஞ்ஞோரா மணந்தா. கிள்ளினா. வாயிலை வைச்சா. றோட்டுப் பூரா அவவின்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது. உறைப்பிலை கண்ணாலை தண்ணி ஓடுது அவவுக்கு. சாந்தா லுச்சியா கண்ணைத் திறந்து விட்டிட்டா எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு, இன்னொண்டு தா எண்டா!

பிறகு கேக்கவேணுமே. அண்டைக்குப் பொழுதுபடுமட்டும் வரிசை. அந்த முதல் கிழவனும் திரும்பி வந்து, சூனியம் கழிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டு வாங்கித் திண்டான். அருளையா அண்ணை மாசம் முடியமுதல் ஞானம்பிகையைக் கடைக்கு எடுத்திட்டார். ஊரெல்லாம் அது தன்ரை யோசினை எண்டுதான் சொல்லித் திரிஞ்சவர். சொல்லட்டும், அந்தாளுக்கு வேறை என்ன சந்தோசம் எண்டு அவ விட்டிட்டா. ஆனா ஒண்டு. கூட்டம் கூடேக்கை அவர் அந்தக் கதையை எடுத்தாரெண்டால், இவ குசினிக்கை இருந்து புட்டுத் தடியாலை குழலிலை ஒரு தட்டு. டங். அவ்வளவுதான், அவர் கதையை மாத்திப்போடுவார்.

வெள்ளிக்கிழமைக்கும் அவதான் வழி கண்டுபிடிச்சவ. எங்கடை சனம் வெள்ளியிலை வராது, கடை ஈயடிக்கும். இவ நீட்டுக் கத்தரிக்காயை சொசேஜ் அளவுக்குச் சீவி, உப்பும் தூளும் தடவிப் பொரிச்சு அதே பாணுக்கை வைச்சா. மொறிசியஸ் பெடியன் தேவென் எண்டு ஒருத்தன், பக்கத்து ஹோட்டலிலை வேலை, தைப்பூசக் காவடிக்கு விரதம் பிடிக்கிற நாள் முழுக்க இஞ்சைதான் சாப்பாடு. தமிழ்ப் பெடியன்தான், ஆனா முருகா எண்டுறதுக்கு மேலை தமிழிலை ஒரு சொல் வராது. வந்து நிண்டு மரக்கறி இடுக்கியைக் கையாலை காட்டுவான். மரக்கறி இடுக்கியிலை ஞானம்பிகை மஞ்சள் நூல் கட்டி வைச்சிருந்தவ, மாறிப் போகக்கூடாது எண்டு. ஒருநாள் அருளையா அண்ணை அவசரத்திலை அந்த இடுக்கியாலை சொசேஜைத் தூக்கிப்போட்டார். ஆரும் காணேல்லை. அவ கண்டிட்டா. நூலை அவிட்டு அந்தாளின்ரை மணிக்கட்டிலை கட்டிவிட்டா. இனி நீங்கள்தான் மரக்கறி, சொசேஜ் பக்கம் வரப்படாது எண்டா. அண்டு முழுக்க அந்தாள் வாசலிலை நிண்டு தண்ணிப் போத்தல்தான் வித்தவர்.

எனக்கு இஞ்சை என்ன வேலையோ? என்ரை வேலை கதைக்கிறது. சிரியாதையுங்கோ, உண்மையாத்தான். நான் முன்வீடு. பென்சன் ஆள். காலமை கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தா இருட்டத்தான் எழும்புறது. சனம் ஹொட்டொக் வாங்கிப்போட்டு என்னட்டை அம்பிட்டுதெண்டால் பஸ் போயிடும். பிரான்காச்சோவுக்குப் போற ஒரு தச்சன் என்ரை கதை கேட்டு மூண்டு பஸ்ஸை விட்டவன். வீட்டிலை பெண்சாதி கதவு திறக்கேல்லையாம். அடுத்தநாள் வந்து என்னோடை சண்டை. ஞானம்பிகை உள்ளுக்கை இருந்து சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்கை நிக்குது. ராசண்ணை, உங்கடை வாய் ஒரு ஆளைக் கட்டிப்போடுற கயிறு, ஒரு நாளைக்கு அதுக்கும் நான் வேலை தருவன் எண்டவ.

பிறகு என்ன? அருளையா அண்ணையின்ரை மகன் கனடாவிலை. போன கோடையிலை தகப்பனைக் கூப்பிட்டிட்டான். அவர் போக ஷட்டர் விழுந்துது. ஞானம்பிகை கடையைத் தான் நடத்துறன் எண்டு சிஞ்ஞோராவிட்டைக் கேட்டவதான். ஏன் மறைப்பான், கேட்டவ. சிஞ்ஞோராவும் ஓம் எண்டவ. பிறகு நீங்கள் மிலானோவிலை இருந்து போன் எடுத்தியள். உங்களுக்கும் ஓம் எண்டா. அவவின்ரை குணம்தான் சொன்னனே.

இல்லை, ஞானம்பிகை சண்டைக்குப் போகேல்லை. அவ அப்பிடி ஆளில்லை. இப்ப உந்த எதிர்ப்பக்கத்து மாடிகளிலை படி கழுவுறா. போன கிழமை நீங்கள் வந்து ஷட்டரை வெளியிலை இருந்து அளந்து பாத்தியளே, அப்ப வாளியோடை ஒரு பொம்பிளை நிண்டது, கண்டனியளோ? காணேல்லையோ. படி கழுவுற ஆக்களை ஒருத்தரும் காணுறேல்லை. அவ உங்களை வடிவாக் கண்டவ. கடைக்கை நிக்கேக்கை அந்த மனுசியின்ரை சிரிப்பு றோட்டுக்குக் கேக்கும் தம்பி. இப்ப ஒரு சத்தம் இல்லை. படியிலை ஆரோடை நிண்டு சிரிக்கிறது? இந்தக் கடை போச்சுதெண்டால் அவவுக்குச் சாகுமட்டும் வாளிதான். அது எனக்கு நினைக்க ஒரு மாதிரி இருக்கும். இருந்தாலும் நீங்களும் பிள்ளைகுட்டிக்காரன். உங்களையும் பிழை சொல்ல ஏலாது.

எங்கை எழும்புறியள்? பகேரியாவுக்கோ? விசரே தம்பி உங்களுக்கு? நீங்கள் அங்கை போற ரயிலும் அவ இஞ்சை வாற ரயிலும் நடுவழியிலை கை காட்டிக்கொண்டு போகும். பெட்டி விழப்போகுது, இருங்கோ. இன்னும் ஒரு கொஞ்ச நேரம். எனக்குப் போனிலை ஒரு சத்தம் வரவேணும், வந்தால் நானே உங்களை ஸ்டேசனிலை கொண்டுபோய் விடுறன்.

என்ன சத்தமோ?

இந்தா, வந்திட்டுது. பொறுங்கோ, கண்ணாடியை எங்கை வைச்சனான்... ஓம். போட்டோ. நீங்களே பாருங்கோ, உங்களுக்கு நல்ல கண். உது ஆர்? சிஞ்ஞோராதான். தன்ரை குசினியிலை. முன்னாலை புட்டு, பக்கத்திலை பேனை. உறைப்பிலை அழுறா பாத்தியளே, அப்ப கையெழுத்து வைச்சாச்சு. பக்கத்திலை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது ஞானம்பிகை. காலமை வேலைக்குப் போனவ எண்டு சொன்னன்தானே, என்ன வேலையெண்டு கேட்டிருந்தா ஒரு வீட்டிலை சமையல் எண்டு சொல்லியிருப்பன். நீங்கள் எந்த வீடு எண்டு கேக்கேல்லை.

நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை தம்பி. கணக்காளர் கந்தோர் இண்டைக்குக் காலமைதான் அவவுக்குக் கடை வாடகைக் கடதாசி குடுத்தது. அதை எடுத்துக்கொண்டு, குழலும் மாவும் சொசேஜும் கட்டிக்கொண்டு பகேரியாவுக்குப் போய், சிஞ்ஞோரா வெளிக்கிடமுதல் அடுப்பு மூட்டவேணும். சாந்தா லுச்சியா அண்டு புட்டு மணக்க ஆரும் வீட்டை விட்டு வெளிக்கிடுவினமோ? ஆனா நீங்கள் பொறுதியில்லாமல் அங்கை போய் நிண்டியளோ, சிஞ்ஞோரா திரும்பவும் உங்களுக்கு ஓம் எண்டுவா. அதுதான் போகேக்கை சொன்னவ, ராசண்ணை, இண்டைக்கு உங்கடை வாய்க்கு வேலை எண்டு.

கோவிக்காதையுங்கோ. கோவிச்சாலும் இருந்து கோவியுங்கோ, இன்னும் ஒண்டு கிடக்கு. நீங்கள் இவ்வளவு நேரமும் முதுகு சாய்ச்சுக்கொண்டு இருக்கிறது என்ன? சின்ன ஷட்டர். அருளையா அண்ணை பாண் அடுக்கி வைச்ச அறை. அதையும் இந்தக் கையெழுத்தோடை சேர்த்துத்தான் எடுத்திருக்கிறா. றோட்டுப் பக்கம் வாசல், முன்னுக்கு பஸ் தரிப்பு. போன் கடைக்கு அதைவிட இடம் வேணுமோ? அதை உங்களுக்கு வாடகைக்கு விடலாம் எண்டு சிஞ்ஞோராவிட்டையும் கதைச்சாச்சு. ஹொட்டொக் வாங்க நிக்கிற வரிசை உங்கடை கண்ணாடியைப் பாத்துக்கொண்டுதான் நிக்கும். திறக்கிற நாளை மட்டும் மாமியாரோடை சேர்த்து எங்களிட்டையும் ஒருக்காக் கேளுங்கோ.

சிரிக்கிறியளோ, இருமுறியளோ? சரி, சரி.

இனியாவது மடியிலை கிடக்கிறதைத் திறவுங்கோ, ஆறியிடும். பயப்பிடாதையுங்கோ, திறவுங்கோ. போன கிழமை வாளியோடை நிண்டு உங்களை வடிவாக் கண்டவ எண்டு சொன்னனே, நெத்தித் திருநீறையும் சேர்த்துத்தான். மஞ்சள் நூல் கட்டின இடுக்கியாலை எடுத்து, உங்கடை புட்டுக்கை மட்டும் கத்தரிக்காய் வைச்சிருக்கிறா.